நெருங்கிய தோழி: உண்டு

வகுப்பில் எனக்குக் கொட்டாவி என்று பெயர். வைத்தவன் தபால். நடந்தது, நடக்காதது, நடக்கப்போவது எல்லாவற்றையும் சுடச்சுட எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பாடம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான், எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இத்தனை வருங்கால டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவருக்குக்கூட இவள் ஏன் தூங்குவதில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கேட்டவள் ஒருத்திதான். அவள் என் அறைத்தோழி, பெயர் டார்ச். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச் வைத்திருப்பாள். ஆள் சிக்கினால் போதும், கண்ணில் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்த்துவிடுவாள். விடுதிச் சமையல்காரர், வாட்ச்மேன், ஒருமுறை சமையலறைப் பூனை என்று யாரையும் விட்டதில்லை. வகுப்பில் முதல் மாணவி. தெரியாது என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். எங்கள் படிப்பில் ஹிஸ்டரி எடுப்பது என்று ஒன்று இருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, வீட்டில் யாருக்காவது இருக்கிறதா, தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா என்று வரிசை மாறாமல் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டாமா? சாயங்காலம் வார்டிலிருந்து திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி டாக்டர், ஒருத்தி நோயாளி. நோயாளி மனசுக்குள் ஒரு வியாதியை வைத்துக்கொண்டு நடிக்க வேண்டும். டாக்டர் கேள்வி கேட்டே அதை வெளியே இழுக்க வேண்டும்.

எனக்கு டாக்டர் வேஷம் சுமாராகத்தான் வரும். நோயாளி வேஷத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிறுநீரகக் கல்லுக்கு நான் துடித்த துடிப்பில் பக்கத்து அறைப் பெண் சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டாள். ஈரல் கெட்டுப்போன குடிகாரத் தாத்தாவாக உட்கார்ந்து, "சத்தியமா ரெண்டே ரெண்டு டம்ளர்தான் டாக்டரம்மா, அதுவும் மத்தவங்க மனசு நோகக் கூடாதேன்னு" என்று நான் சொன்னபோது டார்ச் பேனாவைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உருண்டு சிரித்தாள்.

மனநலப் பிரிவில் எங்களுக்குப் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, வந்தது. அந்த வார சாயங்காலம் ஒன்றில் டார்ச் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?" என்றாள். நான் வேறொரு வியாதியைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். வந்தது அது இல்லை.

"தூக்கம் வரலை டாக்டர்" என்றேன். "படிச்ச வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஒண்ணும் ஏறலை. ரவுண்ட்ஸ்ல என்னைக் கேள்வி கேக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா கை நடுங்குது, நெஞ்சு வெளியில வந்து விழுந்துடும் போல இருக்கு. குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழறேன், சத்தம் வெளியில கேக்கக் கூடாதுன்னு."

"அப்படி பயம் வரப்போ என்ன பண்ணுவீங்க?"

"மணிக்கட்டை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு எலும்பு பேரெல்லாம் வரிசையா சொல்வேன். ஸ்காஃபாய்ட், லூனேட், ட்ரைக்வெட்ரல், பிசிஃபார்ம்... ஹேமேட் வரைக்கும் வந்துட்டா கொஞ்சம் மூச்சு வரும்."

அந்த எட்டு எலும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சீனியர்கள் ஒரு வாக்கியம் சொல்லித் தருவார்கள். அதை இங்கே எழுதினால் என்னை உதைப்பீர்கள்.

"சாகணும்னு தோணுதா?" என்று கேட்டாள். அதுவும் வரிசையில் உள்ள கேள்விதான்.

"சாகணும்னு இல்ல. காலையில எழுந்திருக்காம இருந்துட்டா போதும்னு இருக்கு."

"மனசு விட்டுப் பேச யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா. என் ரூம்மேட்."

டார்ச் எழுதுவதை நிறுத்தினாள். விளையாட்டில் நோயாளி அழலாம், ஆனால் நான் அழுததில் நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வியாதி என்ன என்று சொல்லி அவள் ஜெயித்திருக்க வேண்டிய நேரம், அவள் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய் அவளுடைய கட்டிலை இந்தப் பக்கம் இழுத்து என் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். "பயம் வந்தா என் கையைப் பிடி. எலும்பை என் கையில எண்ணு" என்றாள். அப்புறம் முகம் கழுவ வைத்து, டீ வாங்கி வந்து குடிக்க வைத்தாள்.

அதன் பிறகு நான் தூங்கினேன். முழுசாக இல்லை, ஆனால் தூங்கினேன். வகுப்பில் கொட்டாவி குறைந்தது, தபால் வேறு பெயர் தேட ஆரம்பித்தான். டார்ச் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயம் இல்லை.

இதையெல்லாம் நேரே டாக்டரிடம் சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கேட்பீர்கள். எங்களுக்கு முந்தைய வருடத்தில் ஒரு அக்கா இருந்தாள். பரீட்சைக் கூடத்தில் மயங்கி விழுந்தாள், விசாரித்தார்கள், மனசு சரியில்லை என்று தெரிந்தது. "கொஞ்ச நாள் ஓய்வெடுத்துட்டு வாம்மா" என்று அன்பாகத்தான் வழியனுப்பினார்கள். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை. அவள் கட்டிலில் இப்போது வேறொருத்தி படுத்திருக்கிறாள்.

எனக்கு வீட்டுக்குப் போவதென்றால் அப்பாவின் மருந்துக்கடைக்குப் போவதென்று அர்த்தம். இருமல் மருந்து வாங்க வருகிறவரிடம்கூட அப்பா, "எம் பொண்ணு டாக்டராகி வரட்டும், அப்புறம் அவ எழுதற சீட்டை மட்டும்தான் நான் படிப்பேன்" என்பார். பாதி ஊர் என் கைராசிக்காக வியாதியை ஒத்திப்போட்டுக் காத்திருக்கிறது. அந்தக் கடையில், அந்த வாடிக்கையாளர்கள் நடுவில், ஓய்வெடுக்க வந்தவளாக உட்கார என்னால் முடியாது. இதையும் டார்ச்சிடம் சொல்லியிருந்தேன். என் விஷயம் வெளியே போனால் என் படிப்பு போய்விடும் என்று என்னைத் தவிர உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

போஸ்டிங் முடிகிற வாரத்தில் ஆளுக்கொரு கேஸை வகுப்பில் சொல்ல வேண்டும். கேட்பவர் எங்கள் மனநலப் பேராசிரியை. அவருக்கு ஊசி மேடம் என்று பெயர். குரல் உயராது, கேள்வி இறங்கும். கேஸ் சரியில்லை என்றால் போஸ்டிங்கைத் திரும்பச் செய்ய வைத்துவிடுவார், அப்படிச் செய்தால் பரீட்சையும் தள்ளிப்போகும்.

டார்ச்சுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு வயதான பாட்டி. டார்ச் ஓரளவுக்குத்தான் பேசி முடித்திருந்தாள். கேஸ் சொல்ல வேண்டிய நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாட்டியை மகன் வந்து டிஸ்சார்ஜ் செய்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். காலிக் கட்டிலில் புது விரிப்பு. வகுப்பு ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. டார்ச் முகத்தில் ஈயாடவில்லை.

"கேஸ் போயிடுச்சு மேடம்னு சொல்லு. ரெண்டு திட்டு திட்டுவாங்க, வேற கேஸ் குடுப்பாங்க" என்றேன்.

"ம்" என்றாள்.

நான் மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். டார்ச்சைக் கூப்பிட்டார்கள். திட்டு வாங்கப்போகிறாள் பாவம் என்று எனக்குத்தான் கவலையாக இருந்தது.

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "இருபத்தாறு வயதுப் பெண். ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று வந்திருக்கிறார்" என்று ஆரம்பித்தாள்.

சரி, எங்கேயோ ஒரு கேஸைப் பிடித்துவிட்டாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

"படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பதாகவும், எதுவும் மனதில் ஏறவில்லை என்றும் சொல்கிறார். மேலதிகாரி கேள்வி கேட்கப்போகிறார் என்றால் கை நடுங்குகிறது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவதாகச் சொல்கிறார். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை, பின்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. அடுத்து, "நோயாளியின் சொற்களிலேயே சொல்கிறேன் மேடம்" என்று அறிவித்துவிட்டு, "'சாகணும்னு இல்ல. காலையில எழுந்திருக்காம இருந்துட்டா போதும்னு இருக்கு'" என்றாள். என் வாக்கியம். நான் இழுத்த இடத்தில் இழுத்தாள், நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள். நடிப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொன்னேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சில பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் அழுகையை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சமூக ஆதரவு நன்றாக இருக்கிறது மேடம்" என்று முடித்தாள். "நெருங்கிய தோழி உண்டு. ஒரே அறையில் வசிப்பவர். நோயாளி அவரிடம் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கிறார்."

ஊசி மேடம் தலையாட்டினார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வகுப்பைத் துழாவினார். "மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம். இந்தப் பொண்ணு தேறுவாளா?"

நான்தான் ஜன்னல் ஓரம். எழுந்தேன்.

"தேறுவா மேடம்."

"எதை வெச்சு சொல்றே?"

"நெருங்கிய தோழி இருக்கா மேடம்."

"குட். உக்காரு."

உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் வரை இது என்னைப் பற்றியது என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அதோடு முடிந்திருந்தால் நான் சண்டை போட்டுவிட்டு, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சமாதானமாகியிருப்பேனோ என்னவோ. மேடம் இன்னொரு கேள்வி கேட்டார்.

"அந்தப் படபடப்பு வரப்போ அதை அடக்க இந்தப் பொண்ணு ஏதாவது பண்றாளா? கேட்டியா?"

இப்போது டார்ச் என்னைப் பார்த்தாள். நான் தலையை லேசாக அசைத்தேன், வேண்டாம் என்று. கேட்கலை மேடம் என்று சொல்லியிருக்கலாம். கேட்காமல் விட்டதற்கு என்ன, ஒரு மதிப்பெண் போகும்.

"கேட்டேன் மேடம். மணிக்கட்டைப் பிடிச்சிக்கிட்டு கார்ப்பல் எலும்பு பேரெல்லாம் வரிசையா சொல்றாங்க."

ஒவ்வொரு வாய்மொழித் தேர்வுக்கு முன்னாலும் வராந்தாவில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி நடப்பவள் வகுப்பில் ஒருத்திதான். ஏதோ மந்திரம் ஜெபிக்கிறாள் என்று தபால் கேலிகூடப் பண்ணியிருக்கிறான். முதலில் அவன் தலை திரும்பியது. அப்புறம் பக்கத்துத் தலை. அப்புறம் எல்லாத் தலைகளும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தாலாவது தேவலை என்று எனக்கு இருந்தது.

மேடம் மெதுவாகக் கேட்டார். "ஆபீஸ்ல வேலை பாக்கற பொண்ணுக்கு கார்ப்பல் எலும்பெல்லாம் எப்படித் தெரியும்?"

டார்ச் பெயரை நீக்கினாள், வயதை மாற்றினாள், வேலையை மாற்றினாள், இதை மறந்துவிட்டாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். வருடக்கணக்காக எலும்பு பெயரோடு சாப்பிட்டுத் தூங்குவதில், குமாஸ்தாவுக்கு அதெல்லாம் தெரியாது என்பதே எங்களுக்கு மறந்துபோகும்.

"அவங்க... சொந்தத்துல ஒருத்தர் நர்ஸ் மேடம்."

"ஓ. சரி, இந்த பேஷண்ட்டை நான் பாக்கணும். நாளைக்கு என் ஓ.பி.க்குக் கூட்டிட்டு வா. வரலைன்னா இப்படி ஒரு பேஷண்ட் இல்லைன்னு நான் எடுத்துக்குவேன். பொய்க் கேஸ் சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமில்ல?"

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். ஒட்டிப் போட்டிருந்த கட்டில்கள் அப்படியே இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே போர்வை. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"பேரு சொல்லலையே" என்றாள்.

"வாயை மூடு."

"வயசைக்கூட மாத்தினேன்டி. யாருக்கும் தெரியாதுன்னுதான்..."

"என் குழாயை எடுத்து வெச்சே, என் அழுகையை எடுத்து வெச்சே, நான் எழுந்திருக்க வேண்டாம்னு சொன்னதை எடுத்து வெச்சே. பேரை மட்டும் பத்திரமா எனக்கே விட்டுட்டே. ரொம்பப் பெரிய மனசு."

"கேஸ் இல்லாம போய் நிக்க முடியலைடி. என்னால முடியலை."

"ரெண்டு நிமிஷத் திட்டு. அதை வாங்க பயந்துட்டு என்னைத் தூக்கிக் குடுத்துட்டே."

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ நடிக்கறேன்னுதான் நான் நினைச்சேன்" என்றாள். "நாம விளையாடறதுதானே. நீ எப்பவும் நல்லா நடிப்பே. அதுவும் நடிப்புன்னு..."

"நடிப்பா?"

"ஆமா."

"அப்ப இந்தக் கட்டிலை எதுக்கு இழுத்துப் போட்டே?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். சிறுநீரகக் கல்லுக்கு யாரும் கட்டிலை இழுத்துப் போட்டதில்லை, ஈரல் தாத்தாவின் கையை யாரும் பிடித்துக்கொண்டு தூங்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தாள், அது போதாதென்று என் வியாதியையே பொய்யாக்கித் தப்பிக்கவும் பார்த்தாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிடக் கேவலம், அழுதுகொண்டு அவள் மடியிலேயே போய் விழ வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை நாள் அழுகை வந்தால் போக வேறு இடம் எனக்குப் பழக்கமில்லை.

"நாளைக்கு வந்துடு" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "மேடம்கிட்ட நீதான்னு சொல்லிடு. அவங்க டாக்டர்டி, யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"நீயும் முக்கால்வாசி டாக்டர்தானே."

"நீ வரலைன்னா பொய்க் கேஸ்னு ஆயிடும். என் பரீட்சை போயிடும். ப்ளீஸ். அஞ்சு நிமிஷம். இப்ப பரவாயில்லை, சரியாயிட்டேன்னு சொல்லிட்டு வந்துடு. நீ நல்லா நடிப்பியே."

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை. பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, படித்துக்கொண்டிருக்கிறோம் என்று டார்ச்தான் பதில் சொன்னாள். நான் என் கட்டிலைப் பிடித்து எதிர்ச் சுவர் வரை இழுத்துப் போட்டேன். போர்வையை அவளிடமே எறிந்தேன்.

அன்று தூங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் ஓ.பி.க்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போடாமல், சாதாரணமாக, கவுண்டரில் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தேன். போகும்போது என் மனதில் இருந்தது ஒன்றுதான். அப்படி ஒரு பேஷண்டே கிடையாது மேடம் என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு ஓய்வும் வேண்டாம், மருந்துக்கடையும் வேண்டாம். அவள் போஸ்டிங் திரும்பச் செய்யட்டும், பரீட்சை போகட்டும், நாசமாகப் போகட்டும். ஒரே பொய்யில் நானும் தப்பிப்பேன், அவளும் மாட்டுவாள். அதை நினைக்க நினைக்க எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்ல நான் தயாராகவே இருந்தேன்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். "உனக்கு என்னம்மா?" என்று சும்மா கேட்டார். பேச்சுக் கொடுக்கத்தான். "ஒண்ணுமில்லைங்க" என்றேன். ஒன்றுமில்லை என்றால், குழாயடியில் அழுதது? எழுந்திருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு படுத்தது? அப்படி ஒரு பேஷண்ட் இல்லை என்று நான் சொன்னால் டார்ச் சொன்ன பொய்தான் உண்மையாகும். எல்லாம் நடிப்பு என்றாகிவிடும், அதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அவள் பரீட்சையைக் கெடுக்க என் வலியை நான் விலையாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவு மட்டமான வியாபாரத்துக்கு நான் தயாராக இல்லை.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மேடத்தின் மேஜைக்குப் பக்கத்தில் டார்ச் கேஸ் தாளும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

"வா. நீதான் வருவேன்னு நினைச்சேன்" என்றார் மேடம். "நேத்து எல்லாரும் திரும்பின பக்கம் நானும் பாத்தேன். அதுக்கு முன்னாடி உன்னையே எழுப்பிக் கேட்டுட்டேன். அதுக்கு ஸாரிம்மா."

ஒரு பேராசிரியை ஸாரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன்.

மேடம் டார்ச் பக்கம் திரும்பினார். "இதை வகுப்புல சொல்லலாமான்னு இவகிட்ட கேட்டியா?"

"பேரு சொல்லலை மேடம்."

"நான் கேட்டது அது இல்ல."

டார்ச் தலை குனிந்தாள்.

"மேடம், என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டேன். எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் மூச்சு விட முடியவில்லை.

"தூக்கம் வராதவங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினா இந்த ஆஸ்பத்திரியில டாக்டரே இருக்க மாட்டாங்க" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பொய்யா வாக்கு குடுக்க மாட்டேன். முதல்ல நீ தூங்கணும். அதுக்கு மேல என்ன பண்றதுன்னாலும் உன்னைக் கேக்காம பண்ண மாட்டேன். யார்கிட்டயும் பேச மாட்டேன். போதுமா?"

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அக்காவிடமும் இதே மாதிரி யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நான் தலையாட்டினேன்.

"நீ வெளியில இரு" என்றார் மேடம் டார்ச்சிடம். "உன் விஷயம் அப்புறம்."

"அவ இருக்கட்டும் மேடம்" என்றேன்.

இருவருமே என்னைப் பார்த்தார்கள்.

"ஹிஸ்டரியை அவளே கேக்கட்டும். நேத்து சொன்ன கேஸ்ல ஒரு தப்பு இருக்கு. அவளே கேட்டு, அவளே திருத்தி எழுதட்டும். அப்புறம் போகட்டும்."

மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, டார்ச்சுக்கு எனக்கு எதிரே இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். என் முழங்காலும் அவள் முழங்காலும் தொடுகிற தூரம், சாயங்கால விளையாட்டு மாதிரியே. "சொல்லுங்க... என்ன தொந்தரவு?" என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்திருந்தது. நான் சொன்னேன். குமாஸ்தா இல்லை, மாணவி என்று சொன்னேன். மேலதிகாரி இல்லை, ரவுண்ட்ஸ் என்று சொன்னேன். தூக்கம், பசி, குழாய், எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றுவது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல், அழாமல் சொன்னேன். அழுதுகொண்டிருந்தது அவள்தான். கண்ணீர் விழுந்து மை கலைந்த இடத்தைக் கோட்டு முனையால் ஒற்றிவிட்டுத் தொடர்ந்து எழுதினாள். எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அதை அவளிடம் காட்டுகிற இடத்தில் நான் இல்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தாள். அதைக் கேட்காமல் தாண்டிவிடத்தான் பார்த்தாள், பேனாவை மூடக்கூடப் போனாள். வரிசையில் ஒன்றை விடக் கூடாது என்று அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் காத்திருந்தேன்.

"மனசு விட்டுப் பேச... நெருக்கமானவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தி இருந்தா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்ணை நான் எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேஸ் தாளைக் காட்டினேன்.

"அதுல உண்டு, இல்லைன்னு ரெண்டுதானே எழுத முடியும்? இல்லைன்னு எழுதிக்கோ."

அவள் எழுதினாள். எப்போதும் போலக் குண்டுகுண்டாக, அழகாக.